எறும்புக் கடைக்காரர்

அவர் எந்தக் கம்ப்யூட்டரையும் வந்தவுடன் திறக்க மாட்டார். மேசைமேல் படுக்க வைத்து, பக்கத்துத் தகட்டில் விரல் முட்டியால் மெதுவாகத் தட்டுவார். காதைக் கொடுத்துக் கேட்பார். அடுத்த பக்கத்தையும் தட்டுவார். அதற்கப்புறம் கொஞ்சம் தள்ளி நின்றுகொள்வார், வேறொருவர் வீட்டு வாசலில் நிற்கிற மாதிரி. ஸ்க்ரூடிரைவர் கைக்கு வர இன்னும் நேரம் இருக்கும்.

உள்ளே யாராவது குடியிருக்கலாம் என்பதுதான் காரணம். எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு வருஷம் ஓடிய கம்ப்யூட்டர் எதுவும் காலியாக இருக்காது. வெதுவெதுப்பான இடம், இருட்டு, யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள். எறும்பு, சிலந்தி, கரப்பான், பல்லி எல்லாம் குடும்பத்தோடு வந்துவிடும். மற்ற கடைகளில் ப்ளோயரைச் செருகி ஒரே ஊதாக ஊதுவார்கள், வேலை முடிந்தது. இவர் மட்டும் காலி செய்யச் சொல்லி நோட்டீஸ் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்.

கடைக்கு நல்ல பெயர்ப்பலகை ஒன்று உண்டு. அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. பிள்ளையார்பாளையத்தில் இறங்கி எறும்புக் கடை எங்கே என்றால் சின்னப் பிள்ளைகூடக் கை காட்டும். அந்தப் பெயர் வந்த நாளில், போனுக்கு மெமரி கார்டு வாங்கப் போயிருந்த நான் அங்கேதான் இருந்தேன். ஒரு பள்ளிக்கூடத்து க்ளார்க், ஆன் ஆகாத கம்ப்யூட்டரை வண்டியில் கட்டிக் கொண்டுவந்திருந்தார். தகட்டைக் கழற்றினால் மதர்போர்டு முழுக்கச் சிவப்பு எறும்பு. வெள்ளை வெள்ளையாய் முட்டைகள் வேறு.

“மருந்து அடிச்சா ரெண்டு நிமிஷம் சார்” என்றார் க்ளார்க்.

“குடும்பத்தோட இருக்குதுப்பா. முட்டையெல்லாம் தூக்கிக்கினு போவணும்ல? டைம் குடு.”

“எனக்கு ஹெட்மாஸ்டர் டைம் குடுக்க மாட்டாரு சார்.”

“போய் டீ சாப்ட்டு வா.”

கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு போய்க் கொல்லைப்புற நிழலில் வைத்தார். பக்கத்தில் ஒரு காகிதத்தில் வெல்லத்தைப் பொடித்துத் தூவினார். க்ளார்க் டீ குடித்துவிட்டு வந்தார். பிறகு சாப்பிட்டுவிட்டு வந்தார். எறும்புகள் சாவகாசமாகச் சாமான்களைத் தூக்கிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கடைசி எறும்பு இறங்கிய பிறகுதான் அவர் சட்டைப் பையிலிருந்து ஓவியம் வரைகிற பிரஷ்ஷை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தார். க்ளார்க் ஊர் முழுக்கச் சொல்லிச் சிரித்தார். ஆனால் அடுத்த தடவை ரிப்பேருக்கும் அங்கேதான் வந்தார்.

அவர் திருப்பருத்திக்குன்றத்து ஜைனர். ஐம்பதைத் தாண்டிய வயது. எப்போதும் வெள்ளை அரைக்கைச் சட்டை. நிலம் கொஞ்சம் இருந்தது, அதைத் தம்பி பார்த்துக்கொண்டார். பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார் என்பதால் வெயில் இறங்குவதற்குள் கடையை மூடிவிட்டு மொபெட்டில் வீடு போய்விடுவார். ஊரில் கம்ப்யூட்டர் ரிப்பேருக்கு ஆட்கள் வருவதே சாயங்காலம்தான். அதனால் பாதிப்பேர் மூடிய ஷட்டரைப் பார்த்துத் திட்டிவிட்டுப் போவார்கள்.

கொல்லக் கூடாது என்பது அவருக்குக் கோயிலில் மட்டும் வைத்திருக்கிற கொள்கை இல்லை. கம்ப்யூட்டருக்குள்ளேயும் அதுதான். ஆன்டி வைரஸ் ஒரு வைரஸைப் பிடித்தால், அழிக்கட்டுமா அல்லது தனியாக அடைத்து வைக்கட்டுமா என்று கேட்கும் இல்லையா, அவர் எப்போதும் அடைத்து வைக்கச் சொல்லித்தான் அழுத்துவார்.

“சார், அது நெசமான உயிர் இல்ல” என்று ஒருமுறை சொன்னேன்.

“தெரியும்மா. கைக்குப் பழக்கம் வந்துடக் கூடாதுல்ல.”

ஒரு ப்ரோக்ராம் உறைந்துபோய் நின்றால் நானெல்லாம் ஒரே அழுத்தாக அழுத்தி மூடிவிடுவேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொள்வார். “இரும்மா, எதோ யோசிச்சிக்கினு இருக்குது. தானா வரும்” என்பார். சில சமயம் உண்மையாகவே வந்துவிடும். அப்போது அவர் முகத்தைப் பார்க்க வேண்டும், அறுவை சிகிச்சையில் ஆள் பிழைத்துக்கொண்ட மாதிரி ஒரு சந்தோஷம். எனக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் ரத்தக் கொதிப்பு ஏறும்.

இப்படிப்பட்டவரிடம்தான் என் முதல் கம்ப்யூட்டரைச் செய்யக் கொடுத்தேன்.

எங்கள் வீடு ஐயம்பேட்டையில். அப்பா இல்லை. அம்மா டவுனில் உள்ள பட்டுக் கடைகளிலிருந்து புடவைகளை வாங்கி வந்து முந்தானைக்குக் குச்சு கட்டிக் கொடுப்பாள். நான் காலேஜ் முடித்துவிட்டு, சர்ச்சில் நடக்கும் ஞானஸ்நானம், கல்யாணம் எல்லாவற்றையும் போனிலேயே வெட்டி ஒட்டி வீடியோ செய்து கொடுத்துக்கொண்டிருந்தேன். கொரோனா அடங்கிக் கல்யாணங்கள் மறுபடி களைகட்டிய சமயம். டவுனில் ஒரு ஸ்டூடியோக்காரர் என் வேலையைப் பார்த்துவிட்டு, ஒரு கல்யாண ட்ரெய்லர் வெட்டிக் கொடு, நன்றாக இருந்தால் தொடர்ந்து வேலை தருகிறேன் என்றார். அவர் கேமராவில் எடுப்பதை என் போன் திறக்கக்கூடத் திறக்காது. கம்ப்யூட்டர் வேண்டும்.

அம்மா அதற்குள் தெரிந்தவர்களைப் பிடித்து எனக்கு ஒரு கம்பெனியில் வேலை சொல்லி வைத்துவிட்டாள். போனுக்குள் வைக்கும் சின்ன சர்க்யூட் போர்டுகளைச் சோதிக்கிற வேலை. திங்கட்கிழமை விடியும்போது ரோட்டு முனைக்குக் கம்பெனி பஸ் வரும். என் சித்தி மகள் அந்த பஸ்ஸில்தான் போய் வருகிறாள். ஷிஃப்ட் முடிந்து வந்தால் செருப்பைக் கழற்ற முடியாமல் கால் வீங்கியிருக்கும், யாரோடும் பேசாமல் சுருண்டு படுத்துவிடுவாள். நான் அந்த பஸ்ஸில் ஏறத் தயாராக இல்லை.

“திங்கக்கெழமைக்குள்ள அந்த ஸ்டூடியோக்காரன் ஓகே சொல்லிட்டா இரு. இல்லன்னா வாய மூடிக்கினு பஸ் ஏறிடணும்” என்றாள் அம்மா. ஒப்பந்தம் அவ்வளவுதான்.

கம்ப்யூட்டருக்கு என்னென்ன பாகம் வேண்டும் என்று நான் யூட்யூப் பார்த்து ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிற கண்ணாடி கேபினட்டில் ஆரம்பித்தேன். அவர் முழுவதையும் கேட்டுவிட்டு, “உன் ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?” என்றார்.

“ஏரிக்கரைப் பக்கம் சார். ஜன்னலுக்கும் கம்ப்யூட்டருக்கும் இன்னா?”

“ஏரிக்கரைப் பக்கம்ன்றே. விளக்கு எரிஞ்சா பூச்சி வரும். கண்ணாடில மோதும். உள்ள போனா ஃபேன்ல சிக்கும். உனக்கும் தலைவலி, அதுக்கும் உயிர் போவுது. வேணாம்மா.”

கண்ணாடி போயிற்று. பின்பக்கம் நெருக்கமாக வலை வைத்த, பார்க்க இரும்புப் பெட்டி மாதிரியான கறுப்புக் கேபினட் வந்தது. எறும்பு ஏறாமல் இருக்க உயரமான ரப்பர் கால்கள் வந்தன. பெரிய ப்ராசசர் கேட்டேன். சூடு அதிகம் என்று நடுத்தரமானதைக் காட்டி, அதில் மிச்சமாவதை ரேமில் போடச் சொன்னார். வீடியோ வேலைக்கு அதுதான் சரி என்று பிறகு எனக்கே புரிந்தது. ஆனால் அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் வாங்கப் போனேனா சந்நியாசம் வாங்கப் போனேனா என்று எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

ஆபரேட்டிங் சிஸ்டத்தில் உண்மையான சண்டையே நடந்தது. விலை கொடுத்து வாங்காத விண்டோஸை அவர் யாருக்கும் போட மாட்டார். திருட்டும் அவர் கணக்கில் கொலைக்கு அடுத்த வீடு. லினக்ஸ் போட்டுக்கொள் என்றார்.

“இலவசம்மா. வைரஸும் அவ்ளவா அண்டாது. எதையும் கொல்ல வேண்டிய வேலையே இல்ல பாரு.”

“ஸ்டூடியோல வெச்சிருக்கற சாஃப்ட்வேர் அதுல ஓடாது சார். அவங்க ஃபைல நான் எப்பிடி தொறக்கறது?”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கடைசியில் சமரசத்துக்கு வந்தார். லைசன்ஸ் விண்டோஸ் ஒரு பக்கம், லினக்ஸ் ஒரு பக்கம். ஆன் செய்யும்போது எது வேண்டும் என்று கேட்கும். “ஒரே வீட்ல ரெண்டு குடித்தனம். சண்ட இல்லாம இருக்கட்டும்” என்றார். விண்டோஸுக்கான பில்லை என் கையில் தந்தபோது அவருக்குத்தான் நிம்மதி.

மிஞ்சியது கிராஃபிக்ஸ் கார்டு. வீடியோ வேலைக்கு அதுதான் மாடு, மற்றதெல்லாம் வண்டி. அந்தச் சமயத்தில் புதுக் கார்டு எந்தக் கடையிலும் இல்லை. சென்னை வரைக்கும் கேட்டாயிற்று. மூடிப்போன ஒரு ஸ்டூடியோவிலிருந்து வாங்கிய பழைய கார்டு ஒன்று அவரிடம் இருந்தது. மேல் அலமாரியில் எப்போதிலிருந்தோ கிடந்தது. அதை எனக்குத் தருவதாகச் சொல்லியிருந்தார். அந்தக் கார்டை நம்பித்தான் ஸ்டூடியோக்காரரிடம் சனிக்கிழமை தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

வியாழக்கிழமை போன் வந்தது.

“ஏம்மா, ஒரு சங்கடம். நேர்ல வந்துட்டுப் போயேன்.”

கம்ப்யூட்டர் மேசைமேல் தயாராக இருந்தது. கார்டு மட்டும் வெள்ளைத் துணியில் தனியாகக் கிடந்தது. அதன் முதுகுத் தகட்டில் பட்டாணி அளவுக்கு இரண்டு வெள்ளை உருண்டைகள் ஒட்டியிருந்தன. பல்லி முட்டை. நான் நகத்தால் சுரண்டக் கை நீட்டியதும் அவர் பதறிப்போய்க் கார்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

“சிமெண்ட் மாதிரி ஒட்டிக்கினு இருக்குது. இழுத்தா ஒடைஞ்சிடும். அப்பிடியே மாட்டி ஓட்டினா சூட்டுல வெந்துடும்.”

“அதனால?”

“பொரியறதுக்கு ரெண்டு மாசம் ஆவும்மா.”

அவர் கிண்டல் செய்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். முகத்தைப் பார்த்தால் அழுதுவிடுவார் போல இருந்தது. கார்டு இல்லாமல் ஓட்டிப் பார்த்தோம். ஸ்டூடியோக்காரர் தந்த வீடியோவைப் போட்டதும் மாப்பிள்ளை தாலியை எடுத்தார், அத்தோடு நின்றுவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்து இவர் “இரும்மா, வரும்” என்று காத்திருந்தார். மாப்பிள்ளை கையில் தாலியோடு நின்றுகொண்டே இருந்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். ஷேர் ஆட்டோவில் வரும்போது கம்பெனி பஸ் ஒன்று எதிரே போயிற்று. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா விழுந்து விழுந்து சிரித்தாள். பல்லி முட்டையா, பல்லி முட்டையா என்று இரண்டு தடவை கேட்டாள். சிரித்து முடித்ததும் அவள் முகம் மாறியது. கையில் இருந்த புடவையை மடித்து வைத்தாள். பஸ்ஸில் போகச் சொன்னவளே அவள்தான். ஆனால் என்னை பஸ்ஸில் ஏற்றுவது அவளாக இருக்கலாம், ஒரு பல்லியாக இருக்கக் கூடாது.

மறுநாள் காலையில் குச்சு வேலைப் பையோடு என்கூட வந்தாள். கடைக்குள் போய் உட்காரவில்லை. அவர் நாற்காலியை எடுத்துப் போட்டும் நின்றபடியே பேசினாள்.

“சார், நான் படிக்காதவ. ஒண்ணு கேக்கறேன். பல்லி முட்டைக்காக ரெண்டு மாசம் காத்துக்கினு இருக்கறேன்றீங்க. எம்பொண்ணு திங்கக்கெழம பஸ் ஏறிடுவா. அவளுக்காகக் காத்துக்கினு இருக்க யாரு சார் இருக்காங்க?”

அவர் நாற்காலியை இன்னும் கொஞ்சம் அம்மா பக்கம் நகர்த்தினார்.

“எறும்புக்குக்கூட வழி வுட்றவருன்னு ஊரே பேசுது. எங்கப்பா ஊரான் நெலத்துல கூலிக்குக் குனிஞ்ச ஆளு. நெலம் வெச்சிருந்தவங்க யாரும் அவருக்கு ஒதுங்கி வழி வுட்டதா நான் கேட்டதில்ல. எறும்பாப் பொறந்திருந்தா கொஞ்சம் மருவாதியா வாழ்ந்திருப்பாரு போல.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அம்மா தாத்தாவைப் பற்றி வீட்டில்கூட இப்படிப் பேசியதில்லை. அவரிடம் பேசுகிறாளா, அவருக்குப் பின்னால் நிற்கிற யாரிடமோ பேசுகிறாளா என்று தெரியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். காதெல்லாம் சிவந்துவிட்டது.

“நீங்க கேக்கறது சரிதாம்மா” என்றார்.

பிறகு துணியை விரித்துக் கார்டை அதன்மேல் வைத்தார். மெல்லிய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை முட்டைக்கு அடியில் விட்டுப் பார்த்தார். போகவில்லை. பிரஷ்ஷில் வெந்நீரைத் தொட்டு ஓரமாகத் தடவினார். முட்டை அசையவில்லை. அம்மா எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கைவேலை செய்கிறவளுக்கு இன்னொருவர் வேலையைச் சும்மா பார்த்துக்கொண்டு நிற்க முடியாது.

“நூல் வுட்டுப் பாக்கலாமே” என்றாள்.

பையிலிருந்து குச்சு கட்டுகிற பட்டு நூலை எடுத்து, இரண்டு இழையைச் சேர்த்துத் தொடையில் வைத்து முறுக்கினாள். பட்டு நூல் ஊசியைவிட ஒல்லியாகப் போகும், ஆனால் லேசில் அறுந்துபோகாது. அவரிடம் நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

“என் கை நடுங்குதும்மா. நீங்களே பண்ணுங்க.”

அம்மா அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தாள். நூலின் இரண்டு முனையையும் விரலில் சுற்றிக்கொண்டு, முட்டைக்கும் தகட்டுக்கும் நடுவில் வைத்து இப்படியும் அப்படியும் இழுத்தாள்.  முதல் முட்டை முழுசாகக் கழன்று உருண்டது. அவர் உள்ளங்கையை ஏந்திப் பிடித்துக்கொண்டார். பஞ்சு வைத்த சின்ன டப்பாவில் அதை வைத்தபோது அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்துவிட்டாள். காலையில் சண்டைக்கு வந்தவள்தான்.

இரண்டாவது முட்டை உடைந்துவிட்டது.

சத்தம்கூட வரவில்லை. ஓடு நசுங்கி உள்ளே ஈரமாக ஒன்று தெரிந்தது. கண் இரண்டு கறுப்புப் புள்ளியாக வந்துவிட்டிருந்தது. அம்மா நூலை விட்டுவிட்டாள்.

“ஐயோ சார்.”

“உங்க மேல ஒண்ணுமில்லம்மா. நீங்க நல்லாத்தான் பண்ணீங்க.”

அதை ஒரு காகிதத்தில் எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போனார். திரும்பி வரக் கொஞ்ச நேரம் ஆயிற்று. கையைக் கழுவிக்கொண்டு வந்து கார்டைத் துடைத்து மாட்டினார். ஓட்டிப் பார்த்தோம். மாப்பிள்ளை தாலியைக் கட்டி முடித்தார், மேளம் கொட்டியது, அட்சதை விழுந்தது. நான் கை தட்டினேன். அவரும் சிரித்தார். ஆனால் அன்றைக்கு டிபன் டப்பாவை அவர் திறக்கவே இல்லை. எனக்கு அது கண்ணில் பட்டது, மனதில் ஏறவில்லை. என் மனசெல்லாம் கம்ப்யூட்டர்மேல் இருந்தது.

வழியெல்லாம் அம்மா விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். ஆட்டோ ஐயம்பேட்டைக்குள் நுழையும்போது, “பல்லி முட்டதானே” என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அவளாகத்தான் சொல்லிக்கொண்டாள்.

ட்ரெய்லரை வெட்டி முடித்துச் சனிக்கிழமை கொடுத்துவிட்டேன். ஸ்டூடியோக்காரர் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டு, அடுத்த மாத முகூர்த்தங்கள் எல்லாவற்றுக்கும் நீயே செய் என்றார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குக் கிளம்பும் முன், இந்த நல்ல செய்தியைச் சொல்ல அவருக்கு போன் செய்தேன். அவர் வீட்டம்மா எடுத்தார்.

“அவுரு படுத்திருக்காரும்மா. உபவாசம். வெள்ளிக்கெழமையில இருந்து வெறும் தண்ணிதான், அதுவும் வெளிச்சம் இருக்கற வரைக்கும்தான். நாளைக்குக் காலைல வுட்ருவாரு.”

“பண்டிகையாம்மா?”

“பண்டிகை ஒண்ணும் இல்ல. கேட்டா ஒரு உயிரு போச்சுன்றாரு. அதுக்கு மேல சொல்ல மாட்டேன்றாரு.”

போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஜாக்கெட்டில் ஊக்கு குத்திக்கொண்டிருந்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

“நான் ஒடைச்சதுக்கு அவரு ஏன்டி பட்டினி கெடக்கணும்?” என்றாள்.

அன்றைக்குச் சர்ச்சில் அவள் பாடவில்லை. எங்கள் சபையில் அவள் குரல் கேட்காமல் ஒரு பாட்டு முடிந்ததே கிடையாது. மத்தியானம் எனக்கு மட்டும் சோறு போட்டாள், தனக்கு வயிறு சரியில்லை என்றாள். பொழுது சாய்ந்ததும் அந்த வீட்டம்மாவுக்கு மறுபடி போன் போடச் சொல்லி, நோன்பு விடும்போது என்ன சாப்பிடுவார் என்று அவளே விசாரித்தாள். பயத்தம்பருப்புப் போட்ட அரிசிக் கஞ்சி. வெங்காயம் கூடாது, பூண்டு கூடாது, கிழங்கு எதுவும் கூடாது.

“இதெல்லாம் இல்லன்னா கஞ்சில இன்னா ருசி இருக்கும்?” என்று என்னிடம் கேட்டாள். இருந்தாலும் பாத்திரத்தைப் புளி போட்டுத் தேய்த்து வைத்தாள்.

திங்கட்கிழமை விடிகிற நேரத்தில் ரோட்டு முனையில் நின்றோம். கம்பெனி பஸ் வந்தது. சித்தி மகள் ஜன்னல் வழியாகக் கை ஆட்டினாள். நாங்கள் எதிர்ப்பக்கம் நின்று டவுனுக்குப் போகும் ஆட்டோவைப் பிடித்தோம். அம்மா மடியில் தூக்குச்சட்டி சுட்டுக்கொண்டிருந்தது. எனக்கு ஒரு பயம் இருந்தது. சாப்பாட்டில் இவ்வளவு நியமம் பார்க்கிற மனிதர், எங்கள் வீட்டுக் கஞ்சியைத் தொடவில்லை என்றால் அம்மா தாங்குவாளா? அவளிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

திருப்பருத்திக்குன்றத்தில் அவர் வீட்டு வாசலில் அம்மா நின்றுவிட்டாள். உள்ளே போகவில்லை. வீட்டம்மா வாங்க வாங்க என்று கூப்பிட்டும் கேட் கம்பியைப் பிடித்தபடியே நின்றாள். அவரே எழுந்து வெளியே வந்தார். முகம் வாடிக் கண் உள்ளே போயிருந்தது.

“உள்ள வாங்கம்மா.”

“மொதல்ல பதில் சொல்லுங்க சார். ஒடைச்சது நானு. பட்டினி நீங்களா? இது எந்த ஊரு நியாயம்?”

“கை உங்களுதுதாம்மா. பண்ணுங்கன்னு சொன்னது நான்தானே? செஞ்சாலும் ஒண்ணுதான், செய்யச் சொன்னாலும் ஒண்ணுதான் எங்களுக்கு.”

“அப்போ எனக்கு அதுல பங்கே இல்லன்றீங்களா?”

அவர் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார்.

“நேத்து காலைல இருந்து நானும் ஒண்ணும் சாப்பிடல” என்றாள் அம்மா. குரல் சண்டைக்காரக் குரல்தான். ஆனால் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

எனக்கே அது அப்போதுதான் தெரியும். வயிறு சரியில்லை என்று அவள் சொன்னதை நான் அப்படியே நம்பியிருந்தேன். அவர் அம்மாவை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு படியிறங்கி வந்து, அம்மா பிடித்திருந்த கேட்டை முழுசாகத் திறந்தார். தூக்குச்சட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

கூடத்தில் இரண்டு நாற்காலி எதிரும் புதிருமாகப் போட்டார்கள். அம்மா உட்காரும்வரை அவர் உட்காரவில்லை. வீட்டம்மா தான் செய்து வைத்திருந்த கஞ்சியை மூடி ஓரமாக நகர்த்திவிட்டு, எங்கள் சட்டியைத் திறந்து இரண்டு டம்ளரில் ஊற்றினார். ஆவி பறந்தது.

“குடிங்கம்மா” என்றார் அவர்.

“நீங்க மொதல்ல” என்றாள் அம்மா.

“நீங்க பெரியவங்க.”

“யாரு பெரியவங்க? உங்களுக்கு என்னவிட பத்து வயசு ஜாஸ்தி இருக்கும்.”

இரண்டு பேரும் பிடிவாதம். இரண்டு பேருக்கும் பசி. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். எனக்காக உடைந்துபோன ஒன்றுக்காக இரண்டு மனிதர்கள் இப்படி வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“ஆறிடப் போவுது. ரெண்டு பேரும் ஒண்ணாக் குடிங்க” என்று வீட்டம்மா அதட்டினார்.

அவர் டம்ளரைத் தூக்கினார். அம்மாவும் தூக்கினாள்.